வந்தாரை வாழவைத்த வன்னியில் வாய்க்கால் யாருக்கு?

மேதினம் வந்தால் 'ஒற்றுமை' என்ற சொல் எல்லா மேடைகளிலும் முழங்கும். எந்த நிறக் கொடியின் கீழ் நின்றாலும் அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு தொழிலாளியும் வீடு திரும்புவதில்லை. ஆனால் எதைக் கொண்டு ஒன்றுபடுவது என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. ஒரே மொழி பேசினால் போதுமா? ஒரே சாமியைக் கும்பிட்டால் போதுமா? ஒரே துன்பத்தைச் சேர்ந்து அனுபவித்தால் போதுமா?

போதாது என்பதே எமது கருத்து. ஒரு சமூகத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பவை அதன் பொது விழுமியங்கள். விழுமியம் என்பது பெரிய சொல்லாகத் தோன்றலாம். அதன் பொருள் எளியது. இன்னது நியாயம், இன்னது அநியாயம் என்று எல்லோரும் மனதார ஏற்று, தனக்கு நட்டம் வரும் நாளிலும் அதை மீறாமல் நடப்பது. நட்டம் வராத நாளில் எல்லோரும் நியாயவான்கள்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க எமக்கு மிக நெருக்கமான ஓர் இடம் வன்னி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எமது இரத்த உறவுகள் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அண்ணன் நுவரெலியாவில் கொழுந்து தோட்டத்தில், தம்பி கிளிநொச்சியில் வயல் வேலையில் என்று பிரிந்த குடும்பங்கள் மலையகத்தில் எத்தனையோ. அவர்களுடைய வாழ்வில் எமக்கும் பொறுப்புண்டு.

எம்மவர் வன்னிக்குப் போன கதை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியும் 1974இல் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டது. கணக்கில் வந்தவர்களை யாரும் விருப்பம் கேட்கவில்லை.

பிறகு தோட்டங்கள் அரசுடைமையாகின. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் எமக்குக் காணி கிடைக்கவில்லை. சில இடங்களில் இருந்த வேலையும் லயமும் போயின. 1973, 74 பஞ்சம் எமது லயங்களில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அதே ஆண்டு ஓகஸ்ட் வன்செயலில் வீடிழந்தவர்கள் பெட்டி படுக்கையோடு வடக்கு நோக்கி நடந்தார்கள். 1958 கலவரத்தின் பின் சிலர் ஏற்கெனவே போயிருந்தார்கள். 1983 ஜூலைக்குப் பின் இன்னும் பலர் போனார்கள்.

வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்களும் உண்டு. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கத்து மிளகாய்த் தோட்டங்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. எம்மவர் காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், பாத்தி கட்டினார்கள், பாம்போடும் யானையோடும் மலேரியாவோடும் மல்லுக்கட்டினார்கள். இன்று மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், உதயநகர், சாந்தபுரம், தொண்டமான்நகர் என்று கிளிநொச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் எம்மவர் பெருமளவில் வாழ்கிறார்கள்.

வாசல் திறந்த மண்

'வந்தாரை வாழவைக்கும் வன்னி' என்று அந்த மண்ணைச் சொல்வார்கள். அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. தென்னிலங்கையில் விரட்டப்பட்டுக் கையில் பிள்ளையோடு வந்தவர்களுக்கு அந்த மண் இடம் கொடுத்தது. நாடற்றவன் என்று நாட்டுச் சட்டம் சொன்னவனை அயலவன் என்று ஏற்ற மனிதர்கள் அங்கே இருந்தார்கள். இந்த நன்றியை மறந்து எழுதுவது நியாயமாகாது.

அதில் காந்தியம் அமைப்பின் பெயரைத் தனியே சொல்லவேண்டும். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் வவுனியாவை மையமாகக் கொண்டு அதை நடத்தினார்கள். 1977 வன்செயலில் அகதியான மலையகக் குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை அமைத்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட் நீண்ட காலம் இந்தியாவில் வாழ்ந்து, நாடு திரும்பி 2015இல் கிளிநொச்சியில் காலமானார். அவர்கள் எமது சாதியா, எமது ஊரா, எமது சங்கமா? எதுவும் இல்லை. தனக்கு நட்டம் வரும் நாளிலும் மீறாத நியாயம் என்று மேலே சொன்னோமே, அதற்கு இவர்கள் உதாரணம்.

அக்காலத்துக் குடியிருப்புகள் எல்லாம் நிலைக்கவில்லை. டொலர் பாம், கென்ற் பாம் என்ற பண்ணைகளில் குடியேறியிருந்த எம்மவர் 1984இல் படையினரால் வெளியேற்றப்பட்டார்கள். அந்த இடத்தில் சிங்களக் கைதிகளும் அவர்களது குடும்பங்களும் குடியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகளின் தாக்குதலில் அவர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடங்குவர். ஏழையை விரட்டிய காணியில் இன்னோர் ஏழையைக் குடியேற்றி, கடைசியில் அவனும் பிணமானான். காணியை ஆயுதமாக்கினால் நடப்பது இதுதான்.

வாசலோடு நின்ற நியாயம்

இடம் கிடைத்தது உண்மை. ஆனால் எந்த இடம்? இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் பாயும் வயற்காணி முன்னமே பங்கிடப்பட்டிருந்தது. எம்மவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மேட்டுக்காணி. மாரியில் கச்சான் போடலாம். கோடையில் குடிக்கும் நீருக்கே கிணற்றடியில் காத்திருக்கவேண்டும். ஆகவே பக்கத்து வயலில் நாட்கூலிக்குப் போனார்கள். மலையில் கொழுந்து பறித்த கை இங்கே நாற்று நட்டது, களை பிடுங்கியது, அருவி வெட்டியது. மண் மாறியது; நிலை மாறவில்லை.

அந்த மேட்டுக்காணிக்கும் பல குடும்பங்களிடம் ஒழுங்கான பத்திரம் இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வாங்க அலைந்து, பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே, பிறப்புப் பதிவு எங்கே என்ற கேள்விகளில் தட்டுப்பட்டவர்கள் பலர். இடையில் போர் வந்து இருந்த கடதாசிகளையும் எரித்தது. பத்திரம் இல்லாதவனுக்கு வங்கிக் கடன் இல்லை, பயிர் நட்டஈடு இல்லை. நாடற்றவர் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு தீர்ந்தது என்று சொல்கிறோம். ஆனால் நாடு கிடைத்தும் காணி கிடைக்காதவன் அரைக் குடிமகன்தான். தோட்டத்தில் நிறை குறைந்தால் போடுவார்களே அரைப்பேர், அதுபோல.

பிறகு சொற்கள். 'தோட்டக்காட்டான்', 'இந்தியாக்காரன்' என்று கூப்பிடுவதும், கலியாணப் பேச்சு வந்தால் ஊரை விசாரித்துவிட்டு எழுந்து போவதும், பாடசாலையில் பிள்ளையைப் பின் வாங்கில் இருத்துவதும் முழுவதும் ஒழிந்துவிட்டதா? வன்னியில் வாழும் எமது உறவுகள் பதில் சொல்லட்டும்.

வரலாற்றில் இதற்கு ஒரு முகம் உண்டு. 1947இல் வவுனியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்று அமைச்சரானவர் சி. சுந்தரலிங்கம். 1948 டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது சபையைவிட்டு வெளியேறினார். அதன் விளைவாக அமைச்சர் பதவியையும் துறந்தார். எமது பிரச்சினையில் பதவியை விட்டவர் என்று அவரை மதிக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து, 1968இல், தாழ்த்தப்பட்ட மக்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையக் கேட்டபோது, அவர்களை மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கொழும்புப் பாராளுமன்றத்தில் கேட்ட நியாயம் சொந்தக் கோயில் வாசலில் செல்லவில்லை. எமக்கு மேலே இருப்பவனிடம் மட்டும் கேட்டு, கீழே இருப்பவனுக்குக் கொடுக்க மறுத்தால் அது விழுமியம் அல்ல, பேரம்.

இதைப் பேசினால் இனம் பிளவுபடுமா?

இப்படி எழுதினால் ஒரு குரல் எழும் என்று தெரியும். 'படையினர் பிடித்த காணி இன்னும் முழுவதும் விடுபடவில்லை, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் இல்லை. இந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தான், மலையகத்தான் என்று பிரித்துப் பேசலாமா?' இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. அந்தத் துன்பம் எமதும்தான். 2009இல் முள்ளிவாய்க்காலில் விழுந்த குண்டு யாருடைய பாட்டன் எங்கிருந்து வந்தான் என்று பார்த்து விழவில்லை. வவுனியா முகாம்களின் முள்வேலிக்குள் எல்லோரும் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் பிள்ளைகளைத் தேடித் தொடர் போராட்டம் தொடங்கியபோது, அங்கே அமர்ந்த தாய்மாரில் மலையகத்திலிருந்து குடியேறிய குடும்பத்துத் தாய்மாரும் உண்டு.

ஆகவேதான் கேட்கிறோம். சாவில் ஒன்றாக இருந்தவர்கள் வாய்க்காலில் ஏன் வேறாக இருக்கவேண்டும்?

மொழி ஒன்றே போதும் என்றால் 1990 ஒக்டோபரில் நடந்தது நடந்திருக்கக் கூடாது. வடக்கின் முஸ்லிம்களும் தமிழே பேசினார்கள். முல்லைத்தீவின் நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் தமிழ் அயலவரோடு ஒரே சந்தையில் வாங்கி விற்றார்கள். ஆயினும் விடுதலைப் புலிகளின் கட்டளையில், வடக்கு முழுவதிலுமிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். தாய்மொழி அவர்களைக் காக்கவில்லை. நாடற்றவர்களாய் நின்ற எமக்கு அந்த வலி தெரியாமல் இருக்க முடியாது. பிறப்பைப் பார்த்து ஒரு மனிதனை அவன் மண்ணிலிருந்து அகற்றுவது யார் செய்தாலும் அநியாயம் என்ற ஒரே அளவுகோல் இருந்தால்தான், எமக்கு நடந்ததை அநியாயம் என்று நாம் சொல்ல முடியும்.

குறையை மூடி வைத்து வரும் ஒற்றுமை முதல் மழையிலேயே உடையும் குளக்கட்டு.

குளம் சொல்லும் நியாயம்

அப்படியானால் வன்னி மக்கள் எந்த விழுமியத்தைப் பிடித்துக்கொள்ளவேண்டும்? புத்தகத்தில் தேடவேண்டியதில்லை. அது அவர்களுடைய குளக்கட்டிலேயே இருக்கிறது.

பெருங்குளங்களின் கீழ் ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். மாவட்டச் செயலாளர், நீர்ப்பாசன அதிகாரிகள், கமநல அதிகாரிகள், கமக்கார அமைப்புகள் எல்லோரும் இருப்பார்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, எத்தனை ஏக்கருக்குப் போதும், முதல் நீர் என்றைக்குத் திறப்பது, கடைசி நீர் என்றைக்கு, எத்தனை மாத நெல் விதைப்பது, கட்டாக்காலி மாடுகளை எந்தத் திகதிக்கு முன் அகற்றுவது என்று அங்கே முடிவாகும். காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில்தான் சோதனை வரும். குளம் நிறையாத ஆண்டில் பாதி வயலுக்குக்கூட நீர் போதாது. அப்போது பலசாலி விதைக்க, பலவீனன் பார்த்திருப்பதில்லை. இருக்கும் நீருக்கு ஏற்ற ஏக்கரைக் கணக்கிட்டு அதைப் பங்கிடுவார்கள். ஒரு வாய்க்காலின் கீழ் மட்டும் விதைப்பதென்றால் மற்ற வாய்க்காலில் வயல் வைத்திருப்பவருக்கும் அங்கே ஒரு பங்கு ஒதுக்கப்படும். தன் வயலில் இன்னொருவன் விதைக்க அந்தப் போகம் மட்டும் இடம் கொடுக்கவேண்டும். முறைப்பாடு வரும், வாய்ச்சண்டை வரும். ஆனாலும் முறை நிற்கிறது. ஏன்? இந்த ஆண்டு நான் கொடுத்தால் அடுத்த ஆண்டு எனக்குக் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

குறைவு வரும்போது பங்கிடு. பங்கிடும் இடத்தில் எல்லோரையும் கூப்பிடு. ஒரு சமூகத்தைப் பிடித்து வைத்திருக்க இந்த இரண்டு வரிகள் போதும்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் நாற்காலி வயற்காணி உள்ளவனுக்குத்தான். அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு அங்கே பெயர் இல்லை. குளம் வற்றினால் கமக்காரனுக்குப் பாதிப் போகம் போகிறது. கூலிக்காரிக்கு முழு வேலையும் போகிறது. பாதி இழப்பவன் பேசலாம், முழுவதும் இழப்பவள் பேச முடியாது என்பது என்ன நியாயம்?

'அது எங்கள் பாட்டன் வெட்டிய வயல்' என்று சிலர் சொல்லலாம். அதை நாம் மதிக்கிறோம். எவருடைய வயலையும் பிடுங்கித் தரும்படி எவரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டன்மாரிலும் பலர் குடியேற்றத் திட்டங்களின் கீழ் அரசு காணி கொடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்தானே. அவர்கள் முந்தி வந்தவர்கள், எம்மவர் பிந்தி வந்தவர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சங்கமும் ஒரு சமூகம்தான்

இந்தப் பாடம் எமது சங்க வாழ்க்கைக்கும் புதிதல்ல. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் விழுந்த நாளிலிருந்து, எம்மை நிமிர வைத்தது 'ஒருவனுக்கு வந்தது எல்லோருக்கும் வந்தது' என்ற நம்பிக்கை. 1984 வேலைநிறுத்தத்தின் பின் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் ஆனது. அதற்கு முன் ஒரே மலையில், ஒரே மழையில், ஒரே நேரம் வேலை செய்தும் பெண்ணுக்குக் குறைத்தே கொடுத்தார்கள். வன்னி வயல்களில் இன்றும் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. தோட்டத்தில் செக்ரோல் இருக்கிறது, சேமலாப நிதி இருக்கிறது. வயற்கூலிக்கு எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. வயதானால் கையில் எதுவும் இல்லை.

பங்கு மறுக்கப்பட்டால் சங்கமும் உடையும் என்பதற்குக் கேரளத்தின் மூணாறு சாட்சி. 2015 செப்டம்பரில் அங்குள்ள தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் அமர்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். கம்பனியை மட்டும் அவர்கள் எதிர்க்கவில்லை. தங்கள் பெயரில் பேசிய சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வரவிடவில்லை. 'பெண்கள் ஒற்றுமை' என்று தாங்களே பெயர் வைத்து, தாங்களே பேசி வென்றார்கள். அந்தத் தலைவர்களும் அதே மொழிதான், பலர் அதே கொடிதான். ஆனால் கொழுந்து சுமந்தவளுக்குப் பேச்சுமேசையில் இடம் இருக்கவில்லை.

எமது கோரிக்கை

அரசிடமும் வன்னியின் மக்கள் பிரதிநிதிகளிடமும் எமது தொழிலாளரிடமும் நாம் கேட்பவை இவை.

ஒன்று: வன்னியில் மலையக வழிவந்த குடும்பங்கள் குடியிருக்கும் காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் வேலையைப் பிரதேச செயலகங்கள் நடமாடும் சேவையாகக் கிராமங்களுக்கே கொண்டுவந்து முடிக்கவேண்டும். கணவன் காணாமல் போன, இறந்த குடும்பங்களில் பெண்ணின் பெயரிலேயே பத்திரம் வேண்டும்.

இரண்டு: மேட்டுக்காணிக் கிராமங்களுக்கு விவசாயக் கிணறுகளும் ஏற்று நீர்ப்பாசனமும் வேண்டும். தூர்ந்துபோன சிறு குளங்களைத் திருத்தும்போது அவற்றின் கீழ் காணியற்றவருக்கு முதலிடம் வேண்டும்.

மூன்று: வயல் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் கூலித் தொழிலாளரின் பிரதிநிதிகளுக்கும் இடம் வேண்டும்.

நான்கு: தொழிற்சங்கங்கள் மலையோடு நின்றுவிடாமல் வன்னியின் விவசாயத் தொழிலாளரையும் அங்கத்தவர்களாகச் சேர்க்கவேண்டும். சந்தா வாங்க அல்ல, சண்டை பிடிக்க.

ஐந்தாவது எம் எல்லோருக்கும். லயத்துக்குள் சாதி பார்த்துத் தண்ணீர்ச் செம்பை ஒதுக்கி வைத்துக்கொண்டு, வன்னியில் எம்மவரை ஒதுக்குகிறார்கள் என்று முறையிட முடியாது. கலியாணத்திலும் கோயிலிலும் சாவு வீட்டிலும் நாம் நடக்கும் முறைதான் நாளை எமது பிள்ளைகள் பேசும் நியாயம்.

மலையகத்தில் காணி கேட்கிறோம். கொழும்பு கேட்கிறதா என்று பார்க்கிறோம். அந்தக் கேள்வியின் நியாயம் வன்னியின் கடைசி மேட்டுக்காணி வரை செல்லவேண்டும். வந்தாரை வாழவைப்பது முதற்படி. வந்தவனுக்குப் பங்கும் பேச்சும் கொடுத்து, வந்தவன் என்ற சொல்லையே இல்லாமல் செய்வது அடுத்த படி. அந்தப் படியில் ஏறும்வரை எமது ஒற்றுமை முழக்கம் மேதினத்தோடு முடிந்துபோகும்.

உழைப்பவனுக்குப் பங்கு! பங்கிடும் இடத்தில் எமக்கும் குரல்!